குழாய்நீரில் மருந்தும் நஞ்சும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் நாடகமும் நடைபெறவிருக்கும் இம்மேடையில் குடிநீரைப் பற்றிப் பேச வருவது, விருந்துக்கு முன்னே கசாயம் கொடுப்பது போலத் தோன்றலாம். ஆயினும் குடும்பம் குடும்பமாக நாம் கூடியிருக்கும் இந்நாளைக் காட்டிலும் இதற்கு ஏற்ற நாள் வேறில்லை. சமையலறையில் தவலை நிரப்புவோரும், தோட்டத்தில் மருந்து தெளிப்போரும், பள்ளியில் வேதியியல் பயில்வோரும் ஒரே பந்தலின்கீழ் அமர்ந்திருக்கும் நாள் இது. மூவருக்கும் பொதுவான செய்தி ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம்.

நாம் வாழும் இக்கொள்ளேகால் 1956-ஆம் ஆண்டு அக்டோபர் முடிய அன்றைய சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தோடு இருந்தது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் அமைந்தபோது அதன் பகுதியாயிற்று. எல்லைகள் மாறினவேயன்றிக் காவிரி தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. நம் ஊர்ப்புறத்தைத் தொட்டுச் சிவசமுத்திரத்தில் விழுந்து, மேகதாதுவைக் கடந்து, ஒகேனக்கல்லில் இறங்கி, மேட்டூரில் தேங்குகிறது. சிவசமுத்திரத்துக்கு அருகே எடுக்கப்படும் நீர் தொரெக்காடனஹள்ளியில் தூய்மை செய்யப்பட்டு 1974 முதல் பெங்களூருக்குச் செல்கிறது. 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின்வழியே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து மக்களும் இவ்வாற்றையே பருகுகின்றனர். எனவே நம் வயலிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் காவிரியில் கலப்பது எதுவாயினும், அது நம் உற்றார் உறவினர் குடிக்கும் நீரை நோக்கியே செல்கிறது.

இனி, நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு வருவோம். “குளோரின் கலந்த நீர்தானே வருகிறது, அதில் எந்தப் பூச்சிமருந்து தங்கும்?” என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஒரு வகையில் இது சரியே. பல பூச்சிமருந்துகள் குளோரின் பட்ட நீரில் நீடிப்பதில்லை. ஆனால் நீடியாமற்போன பொருள் எங்கே போயிற்று, என்னவாயிற்று என்று வினவும்போதுதான் உண்மை விளங்கும். அதையே இன்று சிறிது விரிவாகக் காண்போம்.

முதலில் குளோரினின் பெருமையைச் சொல்லியாக வேண்டும். ஊர்க் குடிநீருக்கு இடைவிடாது குளோரின் சேர்க்கும் முறையை அமெரிக்காவில் ஜெர்சி நகரம் 1908-இல் மேற்கொண்டது. பின்னர் அது உலகெங்கும் பரவியது. வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போன காலத்தை நம் முன்னோர் அறிவர். அந்நோய்களின் வேகத்தைத் தணித்த பெருங்காரணங்களுள் குளோரினும் ஒன்று. நீரில் கரைந்ததும் அது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்னும் பொருளாகிறது. இவ்வமிலமே கிருமியின் உடலைத் துளைத்து அதனைக் கொல்கிறது. கிருமியைக் கொன்றபின்னும் சிறிதளவு குளோரின் நீரில் எஞ்சியிருத்தல் வேண்டும். குழாய்வழியில் புதுக் கிருமி புகுந்தால் அதனைத் தடுப்பதற்கே இவ்வேற்பாடு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி இவ்வெச்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. குழாயைத் திறந்ததும் மூக்கில் படும் அந்த இலேசான மணத்தைக் குறையாகக் கருத வேண்டுவதில்லை. இவ்வுரையைக் கேட்டபின் எவரேனும் குளோரினை வெறுத்து, கிணற்றுநீரை அப்படியே குடிக்கத் தொடங்குவாராயின், நாம் இங்குப் பேசியதன் பயன் முற்றும் கெட்டுவிடும்.

ஆயின், கிருமி வேறு, நஞ்சு வேறு. கிருமி ஓர் உயிர். கொன்றால் அதன் வேலை முடிந்தது. நஞ்சு ஒரு வேதிப்பொருள். அதற்குச் சாவு என்பது இல்லை, மாற்றமே உண்டு. அம்மாற்றம் நன்மைக்கும் ஆகலாம், தீமைக்கும் ஆகலாம்.

நம் பக்கத்துத் தோட்டங்களில் நெடுங்காலம் வழங்கிய மருந்துகளில் பெரும்பாலானவை பாஸ்பரத்தை அடிப்படையாகக் கொண்டவை. குளோர்பைரிபாஸ், மாலத்தியான், பாரத்தியான், டயசினான், மோனோகுரோட்டோபாஸ் ஆகிய பெயர்களைக் கடைகளிலும் செய்தித்தாள்களிலும் கண்டிருப்போம். இவை தாக்கும் இடம் நரம்பு. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுசெல்லும் தூதுப்பொருள் ஒன்று உண்டு. அசிட்டைல்கோலின் என்பது அதன் பெயர். செய்தியைச் சொன்னதும் அத்தூதனை அப்புறப்படுத்த ஒரு நொதி காத்திருக்கிறது. இந்நஞ்சுகள் அந்நொதியின் கையைக் கட்டிவிடுகின்றன. தூதன் போகாமல் நின்று ஓயாது கூவிக்கொண்டே இருக்கிறான். வாயில் நீர் ஊறும், கண் கலங்கும், வியர்க்கும், வாந்தி எடுக்கும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும். நஞ்சு மிகுந்தால் மூச்சே அடங்கிவிடும். பூச்சிக்கும் மனிதனுக்கும் இந்நொதி பொது. ஆதலால் நஞ்சும் பொதுவாயிற்று. பட்டுத்தொழில் அறிந்த நம் ஊராருக்கு இதனை அதிகம் விளக்க வேண்டுவதில்லை. மருந்து தெளித்த தோட்டத்து முசுக்கட்டை இலையைக் குறித்த நாள்கள் கழியுமுன் பட்டுப்புழுவுக்கு இட்டால் என்ன நேரும் என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள்.

இந்நஞ்சுகள் உணவில் கலந்து விளைத்த கேட்டுக்கு நம் நாட்டில் பழைய சான்றும் உண்டு, புதிய சான்றும் உண்டு. 1958-இல் கேரளத்தில் பாரத்தியான் பட்ட கோதுமைப் பொருளை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பூச்சிமருந்துகளுக்கென 1968-இல் தனிச் சட்டம் பிறந்ததற்கு அத்துயரமும் ஒரு காரணம். 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் நமக்கு அண்மையிலுள்ள சுல்வாடிக் கிராமத்தின் கிச்சுகுத்தி மாரம்மன் கோயிலில் பிரசாதம் உண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றதையும், அவர்களுள் பலர் உயிர் நீத்ததையும் இங்குள்ளோர் மறந்திரார். அவ்வுணவில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்று ஆய்வில் தெரிந்தது. அன்று உணவில் இருந்த அளவுக்கும் குழாய்நீரில் என்றேனும் நுழையக்கூடிய அணுவளவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. எனினும் அந்நஞ்சின் அமைப்பை நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறோம். சிறிது நேரத்தில் அதற்குத் திரும்பி வருவோம்.

குளோரின் கலந்த நீரில் பூச்சிமருந்து சேர்ந்தால் மூன்றில் ஒன்று நிகழும்.

ஒன்று, எதுவுமே நிகழாதிருத்தல். டி.டி.டி., லிண்டேன், எண்டோசல்பான் போன்றவை தம் உடலிலேயே குளோரினைச் சுமந்திருப்பவை. களைக்கொல்லியாகிய அட்ரசினையும் இவற்றோடு சேர்க்கலாம். குடிநீரில் இடும் அளவான குளோரின் இவற்றை அசைப்பதேயில்லை. 2003-இல் தில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் புட்டியில் அடைத்து விற்ற குடிநீரைச் சோதித்துப் பூச்சிமருந்து எச்சங்களை வெளிப்படுத்தியபோது, அவற்றுள் லிண்டேனும் டி.டி.டி.யும் இருந்தன, குளோர்பைரிபாஸும் மாலத்தியானும்கூட இருந்தன. முத்திரையிட்ட புட்டியும் நஞ்சுக்கு விலக்கன்று என்பதை நாடு அன்று உணர்ந்தது.

இரண்டு, உண்மையாகவே சிதைந்துபோதல். நஞ்சின் மூலக்கூறு நீரால் பிளவுண்டு, நரம்பைத் தாக்கும் ஆற்றல் இல்லாத துண்டுகளாகிவிடும். காரத்தன்மை மிகுந்த நீரில் இது விரைவாக நிகழும்.

மூன்று, நஞ்சு வேறொரு நஞ்சாக மாறுதல். நம் கவனத்துக்கு உரியது இதுவே. குளோர்பைரிபாஸ், மாலத்தியான், பாரத்தியான், டயசினான் ஆகிய நான்கிலும் பாஸ்பர அணுவோடு ஒரு கந்தக அணு இரட்டைப் பிணைப்பால் இணைந்திருக்கிறது. இக்கந்தகம் இருக்கும் வரையில் நரம்பு நொதியைப் பற்றும் ஆற்றல் அவற்றுக்கு மிகக் குறைவு. ஹைப்போகுளோரஸ் அமிலம் அக்கந்தகத்தை நீக்கி, அதன் இடத்தில் பிராணவாயுவை அமர்த்துகிறது. இவ்வாறு பிறக்கும் பொருளுக்கு ஆக்சான் என்று பெயர். மாலத்தியான் மாலாக்சான் ஆகிறது. பாரத்தியான் பாராக்சான் ஆகிறது. குளோர்பைரிபாஸ் தன் ஆக்சானாகிறது. ஆக்சான் நேராகச் சென்று நொதியைப் பற்றும். தாய்ப்பொருளைவிட அது கொடியது.

இதில் வியப்பு யாதெனில், பூச்சியின் உடலிலும் நம் கல்லீரலிலும் இதே மாற்றம் இயற்கையாக நிகழ்கிறது. தெளித்த மருந்து உடலுக்குள் ஆக்சானான பின்னரே கொல்கிறது. ஆனால் கல்லீரல் ஒரு கையால் ஆக்சானை ஆக்கும்போதே மறுகையால் நஞ்சைச் சிதைத்துக் கழிக்கவும் செய்கிறது. உடலுக்குள் சிறுகச் சிறுக நிகழவேண்டிய அம்மாற்றத்தைக் குளோரின் குழாய்க்குள்ளேயே முடித்து, ஆயத்த நஞ்சாகக் கையில் தந்துவிடுகிறது. இப்பொழுது மோனோகுரோட்டோபாஸை நினைவுகூர்வோம். அதன் பாஸ்பரத்தில் கந்தகம் இல்லை. பிறப்பிலேயே பிராணவாயுவை ஏந்திய நஞ்சு அது. இந்தியக் குடிநீர்த் தரம் குளோர்பைரிபாஸுக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை இடம் கொடுத்து, மோனோகுரோட்டோபாஸுக்கு 1 மைக்ரோகிராம் மட்டுமே கொடுத்திருப்பதைக் கருதினால், அவ்வகை நஞ்சின் கடுமை ஒருவாறு புலப்படும்.

இம்மாற்றம் எத்துணை விரைவாக நிகழ்கிறது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வகத்தில் டூர்க், கொலெட் என்னும் இருவர் குளோர்பைரிபாஸை எடுத்துக்கொண்டு இதனை அளந்து 2006-இல் வெளியிட்டனர். அமிலமும் காரமும் அல்லாத நடுநிலை நீரில், வழக்கமான குளோரின் அளவிலேயே, நிமிடக் கணக்கில் குளோர்பைரிபாஸ் ஆக்சானாகிவிடுகிறது. பிறந்த ஆக்சான் அவ்வளவு விரைவில் அழிவதில்லை. நடுநிலை நீரில் மணிக்கணக்கிலும் அதற்கு மேலும் தங்கவல்லது. பின்னரே அது பிளந்து, நரம்புக்கு அத்துணைக் கேடு செய்யாத வேறு பொருளாகிறது. நீரில் காரத்தன்மை ஏறினால் குளோரினின் மற்றொரு வடிவமான ஹைப்போகுளோரைட் இப்பிளவுக்குத் துணைசெய்கிறது. நீர் தூய்மை நிலையத்திலிருந்து நம் வீட்டுக் குழாய்க்கு வரும் நேரத்தையும், வீட்டுத் தொட்டியில் தங்கும் நேரத்தையும் எண்ணிப் பார்ப்போமாயின், ஆக்சான் பிறப்பதற்கு அது தாராளமாகப் போதும், மறைவதற்குப் போதாமற்போகலாம். இது கருதியே அந்நாட்டு நிறுவனம் குளோர்பைரிபாஸின் தீங்கைக் கணக்கிட்டபோது, குளோரின் சேர்த்த நீரில் இருப்பது அதன் ஆக்சானே என்று கொண்டு கணக்கிட்டது.

ஆகவே ஒரு சோதனைத்தாளில் “குளோர்பைரிபாஸ் காணப்படவில்லை” என்று எழுதியிருந்தால் அதன் பொருள் என்ன? நீரை எங்கே எடுத்தார்கள், எதனைத் தேடினார்கள் என்பதைப் பொறுத்தது அது. குளோரின் சேர்ந்தபின் குழாயில் எடுத்த நீரில் தாய்ப்பொருளை மட்டும் தேடினால், அது அங்கே இராது, மகவு இருக்கும். வேடமிட்டு வந்தவனைப் பழைய பெயர்சொல்லித் தேடும் காவலன் அவனைக் காணமாட்டான். சோதனைக்கு நீர் அனுப்பும்போது, ஆக்சானையும் சேர்த்துத் தேடுமாறு ஆய்வகத்தைக் கேட்பதே முறை.

இவ்வளவு கேட்டபின் தாய்மார்களின் உள்ளத்தில் அச்சம் எழலாம். அஞ்சவேண்டிய அளவு எது, வேண்டாத அளவு எது என்றும் சொல்லிவிடுவோம். குளோர்பைரிபாஸ் நீரில் எளிதில் கரையாது. லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராமே கரையும். மண்ணையும் சேற்றையும் பற்றிக்கொள்வது அதன் இயல்பு. பரந்த ஆற்றில் அதன் பெரும்பகுதி வண்டலோடு தங்கிவிடும். நீர் தெளிவிக்கும் நிலையத்திலும் சேற்றோடு கழியும். ஆதலால் காவிரிநீரை அருந்துவதனால் இன்றே தீங்கு வரும் என்று நாம் கூறவில்லை. தீங்கு வரக்கூடிய வழி அதைவிட நமக்கு மிக அருகில், நம் காலனிக்குள்ளேயே இருக்கிறது.

அது கறையான் மருந்து. வீடு கட்டும்போது அடித்தளத்திலும், கட்டியபின் சுவரோரத்திலும் தரையைத் துளைத்து ஊற்றும் கறையான் மருந்தாகக் குளோர்பைரிபாஸே பல்லாண்டுகளாகப் பெரிதும் வழங்கி வந்திருக்கிறது. நம் வீடுகளில் குடிநீர் தேங்கும் இடமோ நிலத்தடித் தொட்டி. நாம் சம்ப் என்று அழைப்பது. அத்தொட்டியின் சுவரில் ஒரு விரிசல் இருந்து, அதன் பக்கத்து மண்ணில் இம்மருந்தை ஊற்றினால், உள்ளே கசிவதற்கு வழி உண்டு. உள்ளே இருப்பதோ குளோரின் கலந்த நீர். ஆய்வகத்தில் அளந்த அதே மாற்றம் நம் வாசற்படியின் கீழே நிகழும். ஆற்றில் ஓடும்போது கிடைக்கும் விரிவும் வண்டலும் அங்கே இல்லை. எனவேதான் இதனை வலியுறுத்துகிறோம்.

நாம் செய்யத்தக்கவை சில உள்ளன.

கறையான் மருந்து ஊற்றவேண்டிய நிலை வந்தால், தொட்டியும் கிணறும் இருக்கும் பக்கத்தைத் தவிர்க்குமாறு வேலைக்காரரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் தொட்டியின் விரிசல்களை அடைத்துப் பூச வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு, எங்கே ஊற்றினார்கள் என்பதைக் குறித்து வைப்பதும் நன்று.

தொட்டிநீரில் மண்ணெண்ணெய் போன்ற வாடையோ பால்போன்ற கலங்கலோ தோன்றினால், “சிறிது வெளுப்புத்தூள் போட்டால் சரியாகிவிடும்” என்று எவரும் போடலாகாது. கிருமிக்கு அது மருந்து. இந்நஞ்சுக்கு அதுவே உருமாற்றும் கருவி. அந்நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாமல் நிறுத்தி, வேறு நீரைக் கொண்டு, சோதனைக்கு அனுப்ப வேண்டும். சிற்றளவு நஞ்சு வாடையோ நிறமோ காட்டாது என்பதையும் மறத்தல் கூடாது.

காய்ச்சிய நீர் கிருமிக்கு நல்லது. நஞ்சுக்கு அதனை நம்புதல் இயலாது. காய்ச்சும்போது நீர் சுண்டுகிறது. சிதையாத நஞ்சின் செறிவு கூடுகிறது. இவ்வகை நஞ்சுகளைப் பெரிதும் பற்றி நிறுத்தவல்லது செயலூட்டிய கரி. அத்தகைய வடிகட்டி வைத்திருப்போர் கரியைக் காலத்தில் மாற்ற வேண்டும். கரி குளோரினையும் நீக்கிவிடுவதால், வடித்த நீரை நாட்கணக்கில் தேக்கி வையாமல் அன்றன்றே பருகிவிட வேண்டும்.

மருந்து வந்த தகரத்தையும் புட்டியையும் எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்கோ எண்ணெய்க்கோ பயன்படுத்தலாகாது. தெளிப்பானை வாய்க்காலிலும் ஏரிக்கரையிலும் கழுவலாகாது. சுவர்ணாவதியில் கலப்பது காவிரிக்கே போகும். மருந்து பட்டு, முன் சொன்ன அறிகுறிகள் எவருக்கேனும் கண்டால், கைவைத்தியத்தில் காலத்தைப் போக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும், புட்டியின் சீட்டை உடன் கொண்டுபோவதும் உயிர் காக்கும். இந்நஞ்சுக்கு மாற்றுமருந்து உண்டு. காலத்தில் சேர்ந்தால் பயன் தரும்.

சட்டமும் மெல்ல நம் பக்கம் வருகிறது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்குத் தெளிக்கலாகாது என்று 2005-இல் தடை வந்தது. மீத்தைல் பாரத்தியான், டயசினான் முதலியவற்றை நடுவண் அரசு 2018-இல் விலக்கியது. 2025-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையைச் சேர்ந்த நாடுகள், சில விலக்குகளோடு, உலகிலிருந்து ஒழிக்கத்தக்க பொருள்களின் பட்டியலில் குளோர்பைரிபாஸையும் சேர்த்தன. எனினும் சட்டம் வீட்டுத் தொட்டிவரை வந்து எட்டிப் பார்ப்பதில்லை. அவ்விடத்துக் காவல் நம்முடையது.

குளோரின் தன் கடமையைச் செவ்வனே செய்கிறது. அதன் கடமை கிருமியைக் கொல்வது. நஞ்சை நீருக்குள் வாராமல் தடுப்பது மனிதரின் கடமை. அதனைக் குளோரினின் தலையில் சுமத்தலாகாது.

அன்பர்களே! சென்ற ஆண்டுகளில் நம் சங்கம் படிப்பகத்துக்கும் பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கும் பொருள் திரட்டியது போல, இவ்வாண்டு ஒரு சிறு பணியையும் மேற்கொள்ளலாம் என்று பணிவுடன் முன்வைக்கிறோம். நம் குடும்பங்களின் நிலத்தடித் தொட்டிகளை வரிசையாகப் பார்த்து, விரிசல் உள்ளவற்றைக் குறித்து, கோடைக்குள் பூசி முடிப்போம். கல்லூரியில் வேதியியல் பயிலும் பிள்ளைகள் குளோரினின் அளவைச் சோதிக்கக் கற்று வந்து வீடுவீடாகச் செய்து காட்டட்டும். கன்னடம் பேசும் அண்டை வீட்டாரிடமும் அவர்கள் மொழியிலேயே இச்செய்தியைச் சொல்வோம். அவர்கள் தொட்டியும் நம் தொட்டியும் ஒரே குழாயின் நீரையே ஏற்கின்றன. செயற்குழுவினர் இதனை ஏற்றுப் பெயர் கொடுக்க முன்வருவோரை இன்று மாலையே பதிவு செய்துகொள்வாராயின் நன்று.